கிண்டி காப்புரிமை அலுவலகச் சேவை: வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டுக்கான காப்புரிமை (பேட்டன்ட்) அலுவலகம் சென்னை கிண்டியில், ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். ஆனால் விண்ணப்பம் போட அங்கே போகவே வேண்டியதில்லை. டிஜிட்டல் கையெழுத்துச் சான்று வாங்கிவிட்டால் காட்பாடியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். காகிதமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டணம் பத்து சதவீதம் கூடுதல். ஹியரிங்கும், அதாவது அதிகாரி முன் வாதம் சொல்லும் விசாரணையும், இப்போது வீடியோவில்தான். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் எக்ஸாமினர் கிண்டியில்தான் இருப்பார் என்பதும் இல்லை. துறைவாரியாகப் பிரித்து நாடு முழுக்க ஒதுக்குகிறார்கள். டெல்லியிலோ கொல்கத்தாவிலோ இருப்பவர் கையில் உங்கள் ஃபைல் இருக்கலாம். ஆகவே "நேரில் போய் ஒரு வார்த்தை சொன்னால் நகரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டணத்துக்கு ஐந்துக்கு ஐந்து. வெளிப்படைத்தன்மைக்கு நாலரை: விண்ணப்ப எண்ணைப் போட்டால் தாக்கல் செய்த தேதி, பரிசோதனை கேட்ட தேதி, வெளியீட்டுத் தேதி, அறிக்கை வந்த தேதி, பதில் போன தேதி எல்லாம் வரிசையாகத் தெரியும். அடுத்தவர் விண்ணப்பத்துக்கு என்ன ஆட்சேபம் வந்தது, அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் வெளியீட்டுக்குப் பிறகு இலவசமாகப் படிக்கலாம். மொழிக்கு ஒன்று. ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும் என்பது விதி, தமிழுக்கு இடமில்லை. முப்பது வருடம் தோல் பதனிடும் டிரம் பக்கத்தில் நின்று தொழில் கற்ற ஒரு மேஸ்திரி தன் கண்டுபிடிப்பைத் தன் மொழியில் எழுத முடியாமல், அதை அரைகுறையாகப் புரிந்துகொண்ட ஒருவரின் ஆங்கிலத்தை நம்ப வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறோம். பின்னால் சொல்லப்போகும் தாமதங்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

வேகத்துக்கு மட்டும் ஒரே மதிப்பெண் போட முடியவில்லை. ஒரே நாளில் தாக்கலான இரண்டு விண்ணப்பங்களில் ஒன்று இரண்டு வருடத்துக்குள் முடிகிறது, இன்னொன்று ஐந்து வருடம் இழுக்கிறது. காரணம் பெரும்பாலும் விண்ணப்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம், தாக்கல் செய்வது ஒன்று, பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது வேறொன்று என்பது. ஃபார்ம் 1 (விண்ணப்பம்), ஃபார்ம் 2 (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஸ்பெசிஃபிகேஷன்) எல்லாம் கொடுத்து எண் வாங்கிவிட்டால் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபார்ம் 18 என்ற தனிக் கோரிக்கை போகும்வரை அந்த ஃபைலை எந்த எக்ஸாமினரும் திறப்பதில்லை. 2024 மார்ச் 15-க்குப் பிறகு தாக்கலானவற்றுக்கு இதற்கான கெடு 31 மாதம். அதற்கு முன்பு 48 மாதம் இருந்தது. கெடு தாண்டினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கணக்கு. பரிசோதனைக்கு எடுக்கும் வரிசையும் கோரிக்கை வந்த வரிசைதான், தாக்கல் வரிசை அல்ல. முப்பதாவது மாதம் ஃபார்ம் 18 போட்டவர், தனக்குப் பின்னால் தாக்கல் செய்து முதல் நாளே ஃபார்ம் 18 போட்டவருக்குப் பின்னால்தான் நிற்பார். "நான்கு வருஷமாச்சு, இன்னும் பார்க்கவே இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அதில் இரண்டரை வருடம் கோரிக்கையே போகாத காலமாக இருக்கக்கூடும். அவருடைய விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு தேதியைப் பாருங்கள்.

முதல் நாளே ஃபார்ம் 18 போட்டாலும் இன்னொரு பூட்டு உண்டு. விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகாமல் எக்ஸாமினரிடம் போகாது. வெளியீடு இயல்பாக நடப்பது 18 மாதம் முடிந்த பிறகு. அவசரப்படுபவர் ஃபார்ம் 9 கொடுத்து முன்கூட்டியே வெளியிடச் சொல்லலாம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். வெளியான பிறகும் ஆறு மாதம் கழியாமல் காப்புரிமை வழங்கக் கூடாது என்று விதி இருக்கிறது, எதிர்ப்புச் சொல்ல விரும்புகிறவர்களுக்கு அவகாசம் வேண்டும் என்பதற்காக. ஆக, ஒரு குறையும் இல்லாத விண்ணப்பமானாலும் ஃபார்ம் 9 இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்குக் குறைந்து எதுவும் கைக்கு வராது. "ஆறு மாசத்துல வாங்கித் தர்றோம்" என்று பேனர் கட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஃபார்ம் 1-க்கு 1600 ரூபாய், ஃபார்ம் 18-க்கு 4000, ஃபார்ம் 9-க்கு 2500. மற்ற கம்பெனிகளுக்கு இவை 8000, 20,000, 12,500. 30 பக்கம், 10 கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகம்) வரை இதே கட்டணம். அதற்கு மேல் சலுகைப் பிரிவில் பக்கத்துக்கு 160, கிளெய்முக்கு 320 கூடும். சிறுதொழில் சலுகை கேட்கிறவர்கள் ஃபார்ம் 28-உடன் உத்யம் பதிவுச் சான்றையும் சேர்க்க வேண்டும். சான்று இல்லாமல் ஃபார்ம் மட்டும் போனால் அது ஓர் ஆட்சேபமாகத் திரும்பி வரும். இப்படிப்பட்ட சின்ன ஆட்சேபம் ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக் கடிதம்.

வேக வழி ஒன்று இருக்கிறது: ஃபார்ம் 18ஏ. கட்டணம் சலுகைப் பிரிவில் 8000, பெரிய கம்பெனிக்கு 60,000. இதில் எக்ஸாமினர் ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும், கடைசிப் பதில் வந்த மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலூர் பக்கத்துச் சிறு டேனரிக்கும் ஷூ பாகம் செய்யும் பட்டறைக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. உத்யம் சான்று இருந்தாலே தகுதி வந்துவிடுகிறது. ஆனால் எல்லாருக்கும் கிடைக்காது. கல்வி நிறுவனங்களுக்கு 2021-இல் கட்டணச் சலுகை வந்தது, அதனாலேயே வேக வழியும் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அரசு நிதியில் நடக்கும் நிறுவனத்துக்குத்தான் அது. தனியார் கல்லூரி அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. பெண் விண்ணப்பதாரர் என்ற பிரிவிலும் இதே குழப்பம். விண்ணப்பதாரர்கள் எல்லாரும் தனிநபர்களாக இருந்து, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கண்டுபிடித்தவர் பேராசிரியை, விண்ணப்பதாரர் கல்லூரி என்றால் அந்தப் பிரிவு பொருந்தாது. ஏற்கெனவே சாதாரண ஃபார்ம் 18 போட்டவர்கள் தகுதியிருந்தால் இதற்கு மாறிக்கொள்ளலாம். சலுகைப் பிரிவில் 4000 கூடுதல் கட்டினால் போதும்.

கல்லூரிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தரவரிசைக்கும் அங்கீகாரத்துக்கும் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று ஃபார்ம் 9 போட்டு வெளியிட்டுவிட்டு, ஃபார்ம் 18 போடாமலே விட்டுவிடுகிற விண்ணப்பங்கள் ஏராளம். வெளியீடு என்பது காப்புரிமை அல்ல. ஊரறியச் சொல்லிவிட்டு உரிமையைக் கைவிடுவதற்குச் சமம் அது. அந்த வெளியீடே நாளை அதே மாணவரின் மேம்பட்ட வடிவத்துக்கு எதிராக, ஏற்கெனவே வெளியில் தெரிந்த விஷயமாக நின்று வழியை மறிக்கும். கருத்தரங்கில் கட்டுரை படித்துவிட்டுப் பிறகு தாக்கல் செய்கிறவர்களுக்கும் இதே ஆபத்து. சட்டம் தருகிற 12 மாத விலக்கு, அறிவியல் சங்கங்களில் படித்த கட்டுரை போன்ற குறுகிய சூழல்களுக்கு மட்டும்தான். முதலில் தாக்கல், பிறகு கட்டுரை. முழு விவரம் தயாராக இல்லையென்றால் தற்காலிக ஸ்பெசிஃபிகேஷன் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழுமையானதைக் கொடுக்கலாம்.

இனி ஸ்பெசிஃபிகேஷனுக்குள் வருவோம். எங்கள் கணிப்பில் நிஜமான தாமதம் உட்கார்ந்திருப்பது இங்கேதான்.

குரோம் டேனிங்கில் (குரோமிய உப்பில் தோல் பதனிடுவதில்) ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மிலிருந்து குரோம் நீரை இடையில் வெளியே எடுத்து, வடித்து, மீண்டும் உள்ளே விடுகிற அமைப்பு. வழக்கமான முறையில் போடுகிற குரோமில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறும், மிச்சம் கழிவுநீரோடு போகும். அதைக் குறைக்கிறது என்பது கண்டுபிடிப்பு. முதல் கிளெய்மை "கழிவைக் குறைக்கும் மேம்பட்ட டேனிங் டிரம்" என்ற தோரணையில் எழுதி அனுப்புகிறார்கள். எக்ஸாமினர் தேடினால் பழைய டிரம் ஆவணங்கள் பத்து கிடைக்கும். புதுமை இல்லை என்று அறிக்கை வருகிறது. அப்போதுதான் உண்மையான விஷயம் நினைவுக்கு வருகிறது: நீரை எடுப்பது பேசிஃபிகேஷன் (காரம் சேர்த்து பிஎச்சை உயர்த்தும் கட்டம்) தொடங்கிய பிறகு, பிஎச் 3.8-க்கும் 4.0-க்கும் நடுவில் இருக்கும்போது, அதுவும் உள்ளீடற்ற அச்சு வழியாக, டிரம்மை நிறுத்தாமலே. இதைக் கிளெய்மில் சேர்த்தால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் ஸ்பெசிஃபிகேஷனில் "தகுந்த பிஎச்" என்று மட்டும் எழுதியிருந்தால் சேர்க்க முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி திருத்தம் என்பது முதலில் தாக்கலானதற்குள் இருப்பதைக் குறுக்கவோ விளக்கவோ மட்டும்தான். புதிதாக ஒன்றை உள்ளே கொண்டுவர இடமில்லை. அச்சின் படம் வரைந்திருந்தால் அச்சு தப்பிக்கும், பிஎச் தப்பிக்காது. அதன் பிறகு நடப்பதெல்லாம் வாதம், ஹியரிங், எழுத்துப்பூர்வ விளக்கம். ஒரு வரி எண் இல்லாததால் ஒரு வருடம் போகும், சில சமயம் காப்புரிமையே போகும்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறவரிடம் உட்கார்ந்து எண்களைச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு சதவீதம், எந்த வெப்பநிலை, டிரம் சுற்று நிமிடத்துக்கு எத்தனை. சரியான அளவோடு, அதற்கு மேலும் கீழும் இரண்டு எல்லைகளும் வேண்டும். முதல் கிளெய்ம் அகலமாக இருக்கட்டும். அடுத்தடுத்த கிளெய்ம்கள் ஒவ்வொரு படியாகக் குறுகட்டும். பின்வாங்க இடம் இருக்கிற விண்ணப்பம்தான் சீக்கிரம் முடியும்.

தாவரப் பொருள் வரும் இடத்தில் தாமதத்துக்கு இரண்டு கூடுதல் காரணங்கள். கடுக்காய், ஆவாரம்பட்டை வைத்துத் தோல் பதனிடுவது இந்த மண்ணில் பழைய வித்தை. அதையே கொஞ்சம் மாற்றி விண்ணப்பித்தால் பாரம்பரிய அறிவு என்ற 3(பி) (ஆங்கில p) பிரிவு ஆட்சேபமும், வெறும் கலவை என்ற 3(இ) ஆட்சேபமும் சேர்ந்து வரும். சித்த மருந்துக் கலவை என்றால் இன்னும் உறுதியாக வரும். சித்த நூல்களின் மருந்து யோகங்கள் (கலவைக் குறிப்புகள்) பாரம்பரிய அறிவு மின்நூலகத்தில் ஏறியிருக்கின்றன, எக்ஸாமினர்கள் அதில் தேடுகிறார்கள். 3(இ)-க்குப் பதில் வார்த்தையில் இல்லை, அட்டவணையில்தான் இருக்கிறது. கடுக்காய்ச் சாறு தனியாகப் போட்டால் தோலின் சுருங்கு வெப்பநிலை (சூட்டில் தோல் சுருங்கத் தொடங்கும் வெப்பநிலை) என்ன, இன்னொரு பொருள் தனியாகப் போட்டால் என்ன, இரண்டும் சேர்ந்தால் என்ன. மூன்றாவது எண் முதல் இரண்டிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதைத் தாண்டியிருக்க வேண்டும். இந்த மூன்று வரிசை அட்டவணை தாக்கலின்போதே உள்ளே இருந்தால் பெரிய தலைவலி போய்விடும்.

இரண்டாவது, பல்லுயிர்ச் சட்டம். இந்திய உயிரினப் பொருளைப் பயன்படுத்திய கண்டுபிடிப்பு என்றால், காப்புரிமை வழங்கப்படும் முன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் கட்டம் முடிந்திருக்க வேண்டும். சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2024 ஏப்ரல் 1 முதல் இந்தியர்களுக்கும் இந்திய நிறுவனங்களுக்கும் முன் அனுமதிக்குப் பதிலாகப் பதிவு செய்தால் போதும் என்று ஆனது. வணிகமாக்கும்போது வேண்டிய அனுமதி தனி. எக்ஸாமினர் கேட்ட பிறகு இதைத் தொடங்குகிறவர்களின் விண்ணப்பம், மற்ற எல்லா ஆட்சேபமும் தீர்ந்த பின்னும் இந்த ஒரு தாளுக்காகக் காத்துக்கிடக்கும். ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. காப்புரிமைத் தாக்கலோடு சேர்த்தே அந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

மருத்துவமனைகள் நிறைந்த ஊர் இது. சிகிச்சை முறை, அறுவை முறைக்கு 3(ஐ) பிரிவு காப்புரிமை தராது. அதே சிகிச்சைக்கான கருவிக்குத் தடையில்லை. வெறும் மென்பொருளுக்கு 3(கே) பிரிவு தடை. மொபைல் ஆப் மட்டும் என்றால் நேரத்தையும் பணத்தையும் வேறு எதிலாவது போடலாம்.

முதல் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு நடக்கும் தாமதம் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. பதில் தர ஆறு மாதம். ஃபார்ம் 4 போட்டு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். அதற்குள் பதில் போகாவிட்டால் கைவிடப்பட்டதாகிவிடும். ஆறு மாதம் இருக்கிறதென்று ஐந்தரை மாதம் சும்மா இருந்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. கெடு ஓடுவது அறிக்கை அனுப்பிய தேதியிலிருந்து, நீங்கள் மெயிலைத் திறந்த தேதியிலிருந்து அல்ல. மெயில் போவது ஃபார்மில் கொடுத்த முகவரிக்கு. கல்லூரியை விட்டுப் போன ஒரு ஆய்வு மாணவரின் மெயில் அங்கே இருந்தால் அறிக்கை வந்ததே யாருக்கும் தெரியாது. முகவரியை மாற்ற ஃபார்ம் 13 இருக்கிறது.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் நேராக மூன்றாம் பகுதிக்குப் போங்கள். முதல் பகுதி சுருக்கம், இரண்டாவது தொழில்நுட்ப ஆட்சேபம், மூன்றாவது வடிவக் குறைகள். இரண்டாவதுக்கு யோசிக்க வேண்டும். மூன்றாவதை அன்று மாலையே சரிசெய்யலாம். தலைப்பு 15 வார்த்தையைத் தாண்டியிருக்கும். சுருக்கம் 150 வார்த்தையைத் தாண்டியிருக்கும். படத்துக்குள் விளக்க வார்த்தைகள் இருக்கும். ஃப்ளோசார்ட் தவிர வேறு எதிலும் கூடாது, எண்கள் மட்டும் போட வேண்டும். அந்த எண்கள் கிளெய்மில் அடைப்புக்குறிக்குள் வந்திருக்காது. படத் தாளில் மேலும் இடமும் 4 சென்டிமீட்டர், வலமும் கீழும் 3 சென்டிமீட்டர் விளிம்பு விட்டிருக்க மாட்டார்கள். கண்டுபிடித்தவரிடமிருந்து விண்ணப்பதாரருக்கு உரிமை வந்ததற்கான ஆதாரமும் பல நேரங்களில் இருக்காது. இந்தக் கடைசிக் குறை மற்றவற்றைப் போலச் சின்னது அல்ல. நான்கு மாணவர்கள் கண்டுபிடித்தவர்கள் என்றால், நான்கு பேரும் ஊரில் இருக்கும்போதே ஃபார்ம் 1-இல் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். படிப்பு முடிந்து ஆளுக்கொரு தேசம் போன பிறகு அந்த ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

ஏற்றுமதி செய்யும் ஷூ கம்பெனிகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் தாக்கல் செய்வதற்கு முன் இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது ஃபார்ம் 25-இல் அனுமதி வாங்க வேண்டும். வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனி அவசரப்படுத்துகிறதென்று நேரே அங்கே போட்டுவிட்டால், இங்கே உள்ள விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், தண்டனையும் உண்டு. வெளிநாட்டுத் தாக்கல் விவரத்தைப் புதுப்பித்துத் தரும் ஃபார்ம் 3-க்கு 2024 விதியில் கெடு, முதல் அறிக்கை வந்த மூன்று மாதம்.

ஏஜென்ட் வேண்டுமா என்றால், ஸ்பெசிஃபிகேஷன் எழுதுவதற்குக் கட்டாயம் வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. படிவம் ஏற்றுவதற்கு வேண்டாம். வக்கீல் என்பதால் மட்டும் ஒருவர் காப்புரிமை ஏஜென்ட் ஆகிவிட மாட்டார். பதிவு எண் வேண்டும், அலுவலகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். கிளெய்ம் எழுதுகிறவர் உங்கள் பட்டறைக்கு வந்து மெஷினைப் பார்ப்பாரா, அறிக்கைக்குப் பதில் எழுதும் கட்டணம் இப்போது சொல்லும் தொகைக்குள் அடங்குமா, ஹியரிங்குக்கு யார் வருவார் என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்டார்ட்அப்களுக்கு அரசே கட்டணம் கொடுக்கும் உதவியாளர் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தில் உரிமை முழுக்க இல்லாமலும் இல்லை. வெளியீட்டுத் தேதியிலிருந்து நடந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்கலாம். வழக்கு மட்டும் காப்புரிமை வந்த பிறகுதான் போட முடியும். 20 வருட ஆயுள் தாக்கல் தேதியிலிருந்தே ஓடுவதால் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த ஆயுளில்தான் கழிகிறது. சான்றிதழ் தாமதமாக வந்தால் மூன்றாம் வருடத்திலிருந்து சேர்ந்துபோன புதுப்பிப்புக் கட்டணமும் கூடவே வரும்: சலுகைப் பிரிவில் மூன்று முதல் ஆறாம் வருடம் வரை வருடத்துக்கு 800, ஏழு முதல் பத்தாம் வருடம் வரை 2400. பதிவேட்டில் ஏறிய மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு நீட்டலாம். சான்றிதழ் வந்த அன்றே அந்தத் தேதியைக் கணக்காளரிடம் கொடுத்துவிடுங்கள்.